தாசில்தாரில் எச் எங்கே வரும்

இருபத்தொன்பது நிமிஷம் நாற்பது வினாடி என்று காட்டுகிறது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு, நான் பார்ப்பதால்தான் குறைகிறதோ, கண்ணை எடுத்தால் நின்றுவிடுமோ, அணையில் நீர்மட்டம் எழுதுகிற வேலையில் இருந்தபோது புதிதாக வந்த இன்ஜினீயரிடம் இப்படித்தான் ஒன்றை விட்டேன், சார் இந்த அளவுகோலை நாம பாக்கும்போதுதான் தண்ணி ஏறும், அதுக்கு வெக்கம் கெடையாது, பாக்கலைன்னா சோம்பிப் படுத்துரும் என்று, அந்த மனுஷன் ஒரு வாரம் குடையைப் பிடித்துக்கொண்டு அளவுகோலையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் பதிவேட்டில் நான் ஒரு அங்குலம்கூடப் பொய் எழுதியதில்லை, முப்பத்திரண்டு வருஷம், அதை எவனும் சொல்ல மாட்டான், இந்த ஆவுடையப்பன் புளுகன் என்றுதான் சொல்வான், சரி இப்போது எத்தனை, இருபத்தொன்பது இருபது. இரண்டு முறை தவறான விடை தந்துள்ளீர்கள், அரை மணி நேரம் கழித்து இன்னும் ஒரே ஒரு முறை முயலலாம், அதுவும் தவறினால் கணக்கு நிரந்தரமாகப் பூட்டப்படும். நிரந்தரமாக. இந்த வார்த்தையை எவன் போட்டானோ அவன் சின்னப் பையனாகத்தான் இருப்பான், எழுபத்துநாலு வயதுக்காரன் யாரும் அதை இவ்வளவு சுலபமாக எழுத மாட்டான். கேள்வி என்னவோ ஒன்றாங்கிளாஸ் கேள்விதான். உங்கள் முதல் வளர்ப்புப் பிராணியின் பெயர் என்ன. முதல் தடவை செவலை என்று போட்டேன், எங்கள் வீட்டில் நின்ற பசு, தவறு என்றது. இரண்டாவது மணி என்று போட்டேன், தெருவில் திரிந்த நாய், எங்கள் வீட்டு நாய் என்று அதுவே ஒப்புக்கொள்ளாது, இருந்தாலும் போட்டுப் பார்த்தேன், தவறு. உண்மை இரண்டும் தீர்ந்துபோயிற்று. இனிமேல் பொய்களில்தான் தேட வேண்டும், அங்கேதான் கூட்டம் அதிகம்.

பன்னிரண்டு மணிக்குள் உள்ளே போயாக வேண்டும், மின்விசிறி வேறு கடகடவென்று என் நெஞ்சுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறது, உள்ளே போகாவிட்டால் என்ன ஆகும், உலகம் முழுகிவிடாது, போனில் ஆடுகிற புலிக்கட்டம் என்ற ஆட்டத்தில் ஒரு பலகை மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். பதினைந்து ஆடு எனக்கு, மூன்று புலி நாயகத்துக்கு. நாயகம் என்றால் கோமதிநாயகம், என் தம்பி, ஆறு வயது இளையவன், கோயம்புத்தூரில் இருக்கிறான். பதினோரு வருஷமாக எனக்கும் அவனுக்கும் பேச்சு கிடையாது, என் நம்பரை அவன் போனில் வராதபடி அடைத்து வைத்திருக்கிறான், கல்யாணம் காட்சிக்குப் பத்திரிகை கிடையாது, ஆனால் தினம் காலை பதினோரு மணிக்கு அவன் ஒரு புலியை நகர்த்துவான், நான் ஒரு ஆட்டை நகர்த்துவேன். ஒரு வார்த்தை கிடையாது. பலகைக்குக் கீழே பேசுவதற்கு என்று வெள்ளையாக ஒரு பெட்டி இருக்கிறது, பதினோரு வருஷமாக அது வெள்ளையாகவே இருக்கிறது. ஆட்டம் முடிந்தால் தோற்றவன் அடுத்ததைத் தொடங்குவான், இப்படி எத்தனையோ நூறு ஆட்டம். புதுப் பெயரில் இன்னொரு கணக்கு தொடங்கி அவனை அழைத்துப் பார்த்தாயிற்று, இவர் அறிமுகம் இல்லாதவர்களுடன் ஆடுவதில்லை என்று வந்தது, சரிதான், என்னைப் போல ஒரு அறிமுகம் இருக்கிறவன் அறிமுகம் இல்லாதவனை எதற்குத் தேடப் போகிறான். இருபது நாள் ஒருத்தன் காய் நகர்த்தாவிட்டால் கைவிடப்பட்டது என்று எழுதிப் பலகையை மூடிவிடுவார்களாம். இன்று இருபதாவது நாள், பகல் பன்னிரண்டோடு கெடு முடிகிறது. அதுவும் எந்த நேரத்தில், அவனுடைய இரண்டு புலியை நான் அடைத்தாயிற்று, மூன்றாவதும் மூச்சு முட்டிக்கொண்டு நிற்கிறது, ஜெயிக்கப் போகிற நேரத்தில் எவனாவது எழுந்து போவானா. நாயகம் என்ன நினைப்பான். கோபம் என்று நினைத்தால் பரவாயில்லை. இருபத்தாறு நிமிஷம்.

"என்ன, தொறந்துதா" என்று அடுக்களையிலிருந்து உலகம்மாள் கேட்கிறாள். நாற்பத்தேழு வருஷமாக என் பெண்டாட்டி, என் வாயிலிருந்து வருவதைப் பாதியாக வகுத்து, மீதியில் பாதியை நம்புகிறவள். தொறக்கும், தொறக்கும் என்கிறேன். "உளுந்துல போட்டா எப்படித் தொறக்கும்" என்கிறாள். இதைச் சொல்லாமல் அவளுக்கு ஒரு வேளை சோறு இறங்காது. நடந்தது என்னவென்றால், பதினோரு மணி, கிரைண்டரில் உளுந்து ஓடுகிறது, இவள் கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் தள்ளிவிடுங்க என்று சொல்லிவிட்டுக் கொடியில் துணி எடுக்கப் போனாள், நான் ஒரு கையால் மாவைத் தள்ளிக்கொண்டு மறு கையால் ஆட்டை நகர்த்தப் பார்த்தேன், போன் வழுக்கி உள்ளே விழுந்தது, கல் இரண்டு சுற்றுச் சுற்றியது, அந்தச் சத்தத்தை வாயால் சொல்ல முடியாது, நான் சொல்ல முடியாத சத்தம் உலகத்தில் அது ஒன்றுதான். ஆட்டை நகர்த்தப் போய்ப் போனை ஆட்டிவிட்டேன். கடைக்காரன் அதை அரிசி டப்பாவில் பதினோரு நாள் புதைத்து வைத்துவிட்டு, உயிர் இல்லை அண்ணாச்சி, உள்ள பூரா மாவு, எப்படி விழுந்துச்சு என்று கேட்டான், மாடியில் மயில் கொத்திக்கொண்டு போய் வாய்க்காலில் போட்டுவிட்டது என்றேன், மாவு எப்படி வந்தது என்று அவனும் கேட்கவில்லை, மயில் எந்தத் தெரு மயில் என்றுதான் கேட்டான். அப்புறம் புதுப் போன், அப்புறம் கடவுச்சொல் மறந்துபோச்சு, மின்னஞ்சல் எதுவென்றே தெரியாது, அதை நாயகம்தான் தொடங்கிக் கொடுத்தான், அப்புறம் இந்த ஆட்டத்தை நடத்துகிற கம்பெனிக்கு ஒரு கடிதம், அதற்குப் பதில் வர ஒரு வாரம், பதிலில் இந்த ஒரே ஒரு கேள்வி. "ஏட்டி உலகு, நீதான் நாயகத்துக்கு ஒரு போன் போட்டுச் சொல்லேன்" என்று நேற்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது, அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒரு தடவ போட்டுப் பட்டது போதும். உங்க விஷயமா அந்தத் தம்பிக்கு இனிமே போன் போட மாட்டேன்னு சொல்லியிருக்கேன். நீங்க நெசமாவே போனாலும் போட மாட்டேன். பேப்பரப் பாத்துத் தெரிஞ்சுக்கிடட்டும்." இருபத்திரண்டு நிமிஷம், இல்லை, இருபத்தொன்று ஐம்பது.

அவள் சொல்வது அந்த ஆஸ்பத்திரி விவகாரம். அதற்கு முன்னால் வடிவு விவகாரம், அதை நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது என்றால் அதுதான் முதலில் வந்து நிற்கும், நாயகத்தின் மகள் வடிவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள், எல்லாரும் கேசரியைத் தின்றுவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தார்கள், எனக்குச் சும்மா இருக்கிற இடம் ஆகாது, அணையில் தண்ணீர் அசையாமல் நின்றாலே ஒரு கல்லை எறிவேன், மாப்பிள்ளையின் மாமாவைப் பார்த்து, எங்க வீட்டுப் பொம்பளையாளுக்கு ராத்திரி தூக்கத்துல நடக்கிற பழக்கம் உண்டு, எங்க அத்தை ஒருத்தி தூங்கிட்டே நடந்து குற்றாலம் போய்க் குளிச்சிட்டுத் தலை துவட்டிட்டுத் திரும்பி வந்துட்டா என்றேன். மாமா சிரித்தார். நன்றாகத்தான் சிரித்தார். அப்புறம் ஊருக்குப் போய்ச் சேர்ந்து, ஏதோ சீக்கு உள்ள குடும்பம் போலிருக்கு என்று சொல்லி அனுப்பினார்கள். வடிவு வேறு இடத்தில் வாக்கப்பட்டு இப்போது இரண்டு பிள்ளை, நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனால் அன்றைக்கு அந்தப் பட்டுச் சேலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாளே, பெரியப்பா நீங்க சொன்னதை நானும் சிரிச்சுட்டுத்தான் கேட்டேன் என்றாளே, அது போதும். நாயகம் பேச்சை நிறுத்தினான். மூன்றாம் நாள் பலகையில் ஒரு புலி மட்டும் நகர்ந்தது. நான் அதிலேயே திருப்தியாக இருந்திருக்க வேண்டும். இல்லை, நாலு வருஷம் கழித்து, உலகம்மாள் அம்பாசமுத்திரத்தில் அவள் அக்கா வீட்டில் இருக்கும்போது, ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் குரலில் அவளைப் போனில் கூப்பிட்டு, உங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி, அவசரம் என்றேன். அவள் அழுதுகொண்டு நாயகத்துக்குச் சொல்லிவிட்டாள். விடிகாலை வாசலில் ஆட்டோ நிற்கிறது, அவன் கையில் ஒரு துணிப்பை, சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருக்கிறான், நான் மிளகாய்ப்பொடிக்கு எண்ணெய் விட்டுக் குழைத்துக்கொண்டிருக்கிறேன். வந்துட்டியா நாயகம், உக்காரு, இட்லி சாப்பிடு என்றேன். அவன் பையைக் கீழே வைக்கவே இல்லை. செம்பிலிருந்து தண்ணீர் மட்டும் குடித்தான். "உன் வாயிலேருந்து உண்மைன்னு ஒண்ணு வந்து, அதை நானும் நம்புத அன்னைக்குப் பேசுதேன்" என்றான். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும், அதில்தான் சூட்சுமம், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா மூளை. அன்றைக்கும் பதினோரு மணிக்குப் புலி நகர்ந்தது, பஸ்ஸில் இருந்துகொண்டே நகர்த்தியிருப்பான். கட்டத்தில் நான் பொய் சொல்ல முடியாது, ஆடு கோட்டில்தான் போகும், குறுக்கே தாவாது, அதனால்தான் அங்கே மட்டும் அவன் என்னோடு இருந்தான் என்று நினைக்கிறேன். பதினேழு நிமிஷம். அவளிடம் ஒரு காப்பி கேட்கலாம், வேண்டாம், அடுக்களைக்குப் போனால் கிரைண்டர் இருக்கும்.

பிராணி, பிராணி. யாரிடம் என்ன பிராணி சொன்னேன். உலகம்மாளிடம் கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டில் யானை நின்றது என்றேன், கட்டுகிற இடம் எங்கே என்று கேட்டாள், அதோடு யானையை விட்டுவிட்டேன். இன்ஜினீயரிடம் கீரிப்பிள்ளை, அது கடிதம் கொண்டுபோகும் என்று ஞாபகம். பள்ளிக்கூடத்தில் ஒரு மலைப்பாம்பு. பக்கத்து வீட்டு ஆசிரியரிடம் கரடி, கரடி இல்லை, கரடிக்கு மருந்து கொடுத்த கதை, அது வேறு. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருப்பேன், பெயர் இல்லாத பொய் நிற்காது, பெயர் வைத்தால்தான் அது வாலை ஆட்டும். இதில் எதை அந்த விடைப் பெட்டியில் போட்டேன். கணக்கு தொடங்கியது பதினாலு வருஷத்துக்கு முன், ஜங்ஷன் பக்கம் ஒரு பிரௌசிங் சென்டரில், நாயகம் லீவில் வந்திருந்தான், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நாற்காலி, நான் போட்டேனா. நான் எங்கே போட்டேன், எனக்கு அப்போது கம்ப்யூட்டர் எலியைப் பிடிக்கவே தெரியாது. நாயகம் போட்டான். ஆமாம், எனக்கும் சேர்த்து அவன்தான் அடித்தான், ஒரே விரல், டைப் அடிக்கிற மாதிரி ஓங்கி. அப்படியானால் அது நான் யாருக்கோ சொன்ன பொய் இல்லை, அவனுக்குச் சொன்ன பொய். முதல் வளர்ப்புப் பிராணி எதுண்ணே என்று கேட்டான், நான் என்ன சொன்னேன், ஏலே, ஒனக்குத் தெரியாதா என்றேன், அவன் சிரித்தான், தலையைக் கீழே தொங்கப்போட்டுச் சிரித்தான், பக்கத்து நாற்காலிக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். முதலை. முதலைதான், ஐயோ, அந்த முதலை.

அவனுக்கு அஞ்சு வயசு இருக்கும். நீ பொறக்கதுக்கு முன்னால நம்ம கெணத்துல ஒரு முதலைக்குட்டி வளர்த்தேன், ஆத்துல பிடிச்சது, நீ பொறந்த அன்னைக்கு மருத்துவச்சிக்குக் கொடுக்கக் கையில ஒண்ணும் இல்ல, அப்பா அதைத் தூக்கிக் கொடுத்துட்டாரு, ஒன்னாலதான் போச்சு என்று சொல்லிவிட்டேன். பெயர் தாசில்தார். நாள் பூரா வாயைத் திறந்துகொண்டு ஒரு வேலையும் செய்யாமல் கிடக்கும் என்பதால் அந்தப் பெயர் என்று விளக்கமும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. ஒரு மாசம் தினமும் தயிர்சோற்றில் ஒரு உருண்டையைக் கிணற்று மேடையில் கொண்டுபோய் வைத்து, தாசில்தாரே, தாசில்தாரே, மன்னிச்சிரு என்று கூப்பிட்டான். காக்கா தின்றுவிடும், தாசில்தார் வந்துட்டுப் போயிருக்கு என்பேன். இதைச் சொல்லிக் கொல்லென்று சிரிக்க வைத்திருக்கிறேன் நூறு சபையில், இன்றைக்கு என்னமோ அந்தச் சோற்று உருண்டைதான் தெரிகிறது, அவன் சின்னக் கை பதிந்த உருண்டை. பெரியவனாகி அவன் தாலுகா ஆபீசிலேயே குமாஸ்தா ஆனான், நெசத் தாசில்தாருக்குக் கீழே முப்பது வருஷம். சரி, கிடைத்தாயிற்று. ஒன்பது நிமிஷம் இருக்கிறது. தாசில்தார் என்று அடித்தால் தீர்ந்தது. தமிழில் இல்லை, இங்கிலீஷ் எழுத்தில். இங்கிலீஷில் எப்படி.

இங்கேதான் பிடித்துக்கொண்டது. டி எச் ஏ எஸ். நான் அப்படித்தான் எழுதுவேன், தா என்றால் டி எச் ஏ தானே. டி ஏ எஸ்ஸா. ஏ இரண்டா. எஸ்ஸுக்கு அப்புறம் ஐயா ஈயா. ஒரு முதலைக்கு இத்தனை வாலா. பெரிய எழுத்து சின்ன எழுத்துப் பார்க்க மாட்டோம் என்று கடிதத்தில் போட்டிருந்தான், அந்த மட்டுக்கும் புண்ணியம், ஆனால் ஒரு எழுத்து முன்னே பின்னே ஆனால் நிரந்தரமாக. ஏழு நிமிஷம். நாயகம் எப்படி அடித்தான், விரலைப் பார், அவன் விரலைப் பார், ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிப்பான், டி, அப்புறம் நான் குறுக்கே எச் என்றேன், அவன் கையை நிறுத்திவிட்டான். "எச் எங்க வரும்னு நெனைக்க, எல்லாப் பயலும் டி-க்கு அப்புறம்தான் போடுவான். மனு எழுதிட்டு வர்றவன் அத்தனை பேரும் தப்பு. எச் ஏ-க்குப் பின்னாலண்ணே. முப்பது வருஷமா அந்த எச்ச எடுத்து எடுத்துப் பின்னால வச்சே என் கை தேஞ்சுபோச்சு." சொன்னானா. சொன்ன மாதிரிதான் இருக்கிறது, குரல்கூடக் கேட்கிறது, கொஞ்சம் மூக்கால். ஆனால் எனக்கு எல்லாக் குரலும்தான் கேட்கும். கம்பவுண்டர் குரலும் கேட்டதே. இது நடந்ததா, இல்லை வேண்டும் என்பதற்காக இப்போது நானே கட்டிக்கொண்டதா. ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது, பொருத்தமாக இருந்தாலே நம்பக் கூடாது, நான் கட்டுகிறது எல்லாம் பொருத்தமாகத்தான் இருக்கும். முப்பது வருஷமா என்கிறானே, பதினாலு வருஷத்துக்கு முன் அவனுக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ்தான், அப்படியானால் பொய், இல்லை, மனுஷன் பேசும்போது இருபத்தாறை முப்பது என்பான், அவனும் எனக்குத் தம்பிதானே. எழுபத்துநாலு வயது வரைக்கும் கலந்து கலந்து ஊற்றிவிட்டு இப்போது இதில் பால் எது தண்ணீர் எது என்று கேட்டால் நான் எங்கே போவேன். அளவுகோல் ஒன்று இருந்திருந்தால் பரவாயில்லை. நான்கு நிமிஷம். உள்ளங்கை வேர்க்கிறது, வேட்டியில் துடைக்கிறேன், இந்தப் போனும் வழுக்கினால் தெரியும் சேதி.

இரண்டு நிமிஷம். ஒரு விஷயம் இருக்கிறது. அன்றைக்கு அவன் எச் என்று சொல்லும்போது திரையைத் துடைத்தான், கைக்குட்டையால், அந்தத் திரையில் யாரோ தின்ற முறுக்கின் எண்ணெய்த் தடம், அதைத் துடைத்துவிட்டு விரலை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தான். என் கதையில் முறுக்குத் தடம் வராது. நான் கட்டினால் மயில் வரும், யானை வரும், யாரோ முகம் தெரியாதவன் தின்ற முறுக்கு வராது, அதனால் யாருக்கும் ஒரு உபகாரமும் கிடையாது. உபகாரம் இல்லாததால்தான் அது நடந்திருக்கும். பூஜ்யம் என்று வந்துவிட்டது. விடைப் பெட்டி திறந்துகொண்டது. டி. ஏ. எச். அங்கேயே நிற்கிறேன். எஸ். ஐ. எல். டி. ஏ. ஆர். உலகு என்று கூப்பிடுகிறேன், எதற்கென்று தெரியவில்லை, அவள் ஈரக் கையோடு வந்து நிற்கிறாள், "என்ன" என்கிறாள், ஒண்ணுமில்ல, நில்லு என்கிறேன். அழுத்திவிட்டேன். வட்டம் சுற்றுகிறது, இரண்டு சுற்று, மூன்று சுற்று, கிரைண்டர் மாதிரியே.

பலகை. பதினைந்தில் மீந்த பதினொரு ஆடும் வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கின்றன, இருபது நாளாகப் புல்லும் இல்லாமல். முதலில் ஆட்டை நகர்த்து, கீழ்க்கோட்டில் இருப்பதை ஒரு கட்டம் மேலே, நகர்த்திவிட்டேன், மணி பதினொன்று பத்து. அப்புறம்தான் பார்க்கிறேன், பதினோரு வருஷமாக வெள்ளையாக இருந்த பெட்டியில் கறுப்பாக ஒன்று. ஒன்பது நாளைக்கு முந்தைய தேதி. அண்ணே இருக்கியா. பொய் சொல்லாம சொல்லு. அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்க்கிறேன், அண்ணே என்றுதான் இருக்கிறது. உலகம்மாள் தோளுக்கு மேல் குனிந்து படித்துவிட்டு முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நிற்கிறாள். இருக்கேன் என்று அடித்தேன். அனுப்பினேன். பெயருக்குப் பக்கத்தில் உடனே பச்சைப் புள்ளி, அங்கே பதினோரு மணிக்கு அவனும் உட்கார்ந்துதான் இருந்திருக்கிறான், இருபது நாளும் உட்கார்ந்திருப்பான். எங்க போன என்று வருகிறது. மயில் என்று என் விரல் தானாக அடித்துவிட்டது, அழித்தேன். ஆஸ்பத்திரி என்று வரப் பார்த்தது, அதை அடிக்கக்கூட இல்லை. நடந்ததைத்தான் எழுத வேண்டும், நடந்ததோ நான் கட்டிய எல்லாவற்றையும்விடக் கேவலமான பொய் மாதிரி இருக்கிறது, எவன் நம்புவான் இதை, வாழ்க்கையில் ஒரு தடவை உண்மை சொல்ல வந்தால் இப்படியா வந்து வாய்க்கும். போன் கிரைண்டர்ல விழுந்து உளுந்தோட அரைஞ்சுபோச்சு. அனுப்பிவிட்டேன். பச்சைப் புள்ளி அசையாமல் இருக்கிறது. ஒரு நிமிஷம். அவன் பையைக் கீழே வைக்காமல் தண்ணீர் குடித்தானே, அந்த நேரம்போல ஒரு நிமிஷம். பச்சை அணைந்தது. போயிட்டான், உலகு, நம்பல என்றேன். அடுக்களையில் அவளுடைய பழைய பட்டன் போன் அடிக்கிறது. அவள் போய் எடுக்கிறாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், காதில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கேட்கிறாள், நான் எழுந்து வாசல்படி வரைக்கும் போய் நிற்கிறேன், வாயைத் திறக்கவில்லை, திறந்தால் ஏதாவது வந்துவிடும். "ஆமா தம்பி" என்கிறாள் அவள், "நான் கண்ணால பாத்தேன். உளுந்துதான். அரைப்படி."